தீவுக் காப்பகத்தில் ஆடுமாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவுகளில் அமைந்த இயற்கைக் காப்பகங்களில் நிலத்தையும் கால்நடைகளையும் எப்படிப் பராமரிப்பது என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும்; அதை மறைக்கவில்லை. ஒரு கால்நடையைப் படகேற்றித் தீவுக்குக் கொண்டுபோகும் முன், அதைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா என்பதே நான் முதலில் கேட்பது. கீழே உள்ள பதில்களில் பல சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும்.

காப்பகம் என்று அறிவித்த பிறகும் அங்கே ஆடுமாடு எதற்கு?

பல தீவுகளில் நாம் காக்க விரும்பும் நிலமே மேய்ச்சலால் உருவானது. குட்டைப்புல்லில் இரை தேடும் பறவை, வெயில் படும் வெற்றுத்தரையில் மட்டும் முளைக்கும் சிறு பூச்செடி, சாணத்தை நம்பி வாழும் வண்டு ஆகிய எல்லாம் ஆடுமாடு மேய்ந்த நிலத்தோடு பல நூற்றாண்டுகள் பழகியவை. மேய்ச்சல் நின்றால் புல் முழங்கால் உயரம் வளர்ந்து, காய்ந்து, சாய்ந்து, மெத்தைபோலத் தரையை மூடிக்கொள்ளும். புது முளைக்கு வெளிச்சம் கிடைக்காது.

ஸ்காட்லாந்தின் ரம் தீவு இதற்கு நல்ல சாட்சி. 1957-இல் அது காப்பகமானபோது செம்மறியாடுகள் அகற்றப்பட்டன. நாளடைவில் சத்தில்லாத முரட்டுப்புல் மண்டியது. 1970-இல் ஹைலேண்ட் மாடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாடு மேய்ந்த இடங்களில் அடுத்த வசந்தத்தில் பச்சைப்புல் கூடுதலாகத் துளிர்த்தது. தீவின் செம்மான்கள் அந்த இடங்களைத் தேடி வந்தன. ஒரு விலங்கின் வாய் இன்னொரு விலங்குக்கு மேய்ச்சல் நிலம் தயாரித்துக் கொடுத்தது.

எல்லாத் தீவுகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. பெருநிலத்தோடு ஒருபோதும் ஒட்டியிராமல் நடுக்கடலில் எழுந்த தீவுகளில் குளம்புள்ள விலங்கே இருந்ததில்லை. அங்குள்ள செடிகளில் பலவற்றுக்கு முள்ளும் இல்லை, கசப்பும் இல்லை. தின்ன வரும் ஆட்டை எதிர்கொள்ளும் பழக்கமே அவற்றுக்கு இல்லை. அப்படிப்பட்ட தீவில் ஆடு விடுவதைப் பற்றிய கேள்விக்கு என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம்.

நாலைந்து ஆடுகள்தானே, அவற்றால் என்ன கெட்டுவிடும்?

பசிபிக் பெருங்கடலில் உள்ள காலாபகஸ் தீவுக்கூட்டத்தின் பின்டா தீவில் 1959-இல் மீனவர்கள் மூன்று ஆடுகளை விட்டார்கள். வருங்காலத்தில் இறைச்சிக்கு ஆகும் என்பது எண்ணம். 1970-களில் அவை ஆயிரக்கணக்கில் பெருகித் தீவை மொட்டையடித்திருந்தன. தென் இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆம்ஸ்டர்டாம் தீவில் 1871-இல் ஒருவர் பண்ணை வைக்க வந்து, சில மாதங்களில் மனம் வெறுத்துப் போய்விட்டார். ஐந்து மாடுகளை அப்படியே விட்டுச் சென்றார். 1988 வாக்கில் அவை ஏறத்தாழ 2,000 ஆகியிருந்தன. கடைசி மாடு அகற்றப்பட்டது 2010-இல். ஐந்து மாடுகளின் கணக்கை முடிக்க நூற்று நாற்பது ஆண்டுகள்.

மாடும் ஆடும் மட்டுமல்ல. அந்தமானின் இன்டர்வியூ தீவில் மரம் வெட்டிய நிறுவனம் ஒன்று தொழில் நொடித்து 1962-இல் வெளியேறியபோது, தடி இழுத்த யானைகளைக் காட்டிலேயே விட்டுவிட்டது. சுமார் 40 யானைகள். அவை மரப்பட்டைகளை உரித்துத் தின்று காட்டின் அமைப்பையே மாற்றின. இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரே பிழைதான்: கொண்டுவந்தவருக்குப் போகத் தெரிந்தது, விலங்குகளைக் கொண்டுபோகத் தெரியவில்லை.

எத்தனை கால்நடைகள் வைக்கலாம்? கணக்கு எப்படிப் போடுவது?

மழை முடிந்த மறுநாள் தீவு பச்சைப்பசேலென்று இருக்கும்போது எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள். ஆண்டின் மிக மோசமான மாதத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வெப்பமண்டலத்தில் அது கோடையின் கடைசி மாதம். குளிர்நாட்டில் பனிக்காலத்தின் கடைசி மாதம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. தீவில் மேய்ச்சலுக்கு உகந்த நிலம் 20 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். பாறை, மணல்திட்டு, பறவைகள் கூடுகட்டும் பகுதி எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சியது அது. வளரும் பருவம் முடியும்போது ஒரு ஹெக்டேரில் நிற்கும் புல்லை ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்துப் பல இடங்களில் அறுத்து, காயவைத்து, எடை போடுகிறீர்கள். 1,500 கிலோ வருகிறது. இதில் பாதி நிலத்துக்கு. அது வேருக்கும் மண்ணுக்கும் பூச்சிக்கும் உரியது, தொடக்கூடாது. இன்னொரு கால் பங்கு மிதிபட்டும் சாணம் பட்டும் வீணாகும். ஆக, வாய்க்குப் போவது கால் பங்கு: ஹெக்டேருக்கு 375 கிலோ, 20 ஹெக்டேருக்கு 7,500 கிலோ.

ஒரு விலங்கு நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் 2 முதல் 3 விழுக்காடு காய்ந்த தீவனம் உண்ணும். 30 கிலோ செம்மறிக்கு 0.9 கிலோ. புல் வளராத காலம் 150 நாள் என்றால் ஓர் ஆட்டுக்கு 135 கிலோ. 7,500-ஐ 135-ஆல் வகுத்தால் 55 ஆடுகள். நான் 40-க்கு மேல் வைக்கமாட்டேன். மழை பொய்க்கும் ஆண்டு எப்போது வரும் என்று புல்லுக்குத் தெரியாது. பெருநிலத்தில் என்றால் பக்கத்து ஊருக்கு ஓட்டிப்போகலாம், தீவில் பக்கத்து ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

அடுத்து இரண்டாவது கணக்கு, இதைப் பெரும்பாலோர் போடுவதில்லை. உங்கள் படகு ஒரு நடைக்கு 10 ஆடு ஏற்றும், கடல் அடங்கிய நாளில் இரண்டு நடை போகலாம் என்றால் 40 ஆடுகளை வெளியேற்ற இரண்டு நல்ல நாள்கள் வேண்டும். அந்த மோசமான மாதத்தில் இரண்டு நல்ல நாள்கள் உறுதியாகக் கிடைக்குமா? கிடைக்காதென்றால் 40-உம் அதிகம்.

ஆடா, மாடா, குதிரையா? எது நல்லது?

எந்த நிலம் வேண்டும் என்பதைப் பொறுத்தது. மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்துப் பறிக்கும். அதனால் தரையோடு ஒட்ட மேயாது, மேடும் பள்ளமுமாகக் கற்றைகளை விட்டுவைக்கும். பூச்சிக்கும் தரையில் கூடுகட்டும் பறவைக்கும் அந்த ஒழுங்கின்மை பிடிக்கும். எடைதான் சிக்கல்: கடற்பறவைகள் மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் சரிவில் மாட்டை விட்டால் வளைகள் உள்ளே இடிந்து விழும்.

செம்மறி உதடு நுணுக்கமானது. பூவையும் மொட்டையும் தேடித்தேடிக் கடிக்கும், தரையோடு தரையாக வழித்துவிடும். குட்டைப்புல் வேண்டுமென்றால் நல்ல கருவி. பூ வேண்டுமென்றால் பூக்கும் காலத்தில் அதை உள்ளே விடக்கூடாது. குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் இருப்பதால் அதுவும் ஒட்ட மேயும். சாணம் போடவென்று சில இடங்களை ஒதுக்கிக்கொள்ளும், அந்த இடங்களில் புல் உயரமாக நிற்கும். சதுப்பிலும் நீரோரத்திலும் எருமைக்கு இணை இல்லை.

வெள்ளாடு புதரைத் தின்னும் என்று எல்லாரும் சொல்வார்கள். தின்னும். ஆனால் நீங்கள் ஒழிக்க விரும்பும் புதரை முதலில் தின்னும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பிடித்ததை முடித்துவிட்டுத்தான் பிடிக்காததற்கு வரும். பிடித்தது பெரும்பாலும் நீங்கள் காக்க நினைத்த செடியாக இருக்கும். சிறு அடைப்புக்குள், ஆள் நின்று, சில வாரங்களுக்கு மட்டும் என்றால் சரி. அவிழ்த்து விட்டால் இல்லை.

மந்தை பெருகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மிக எளிய வழி, காயடித்த கிடாய்களை மட்டுமே தீவில் வைப்பது. சினை இல்லை, ஈற்று இல்லை, குட்டிகளுக்குத் தனிக் கவனிப்பு இல்லை; வேலியைத் தாண்டினாலும் பெருகாது. புல் மேய்வதில் குறைவொன்றும் இல்லை. பெட்டைகள் வேண்டுமென்றால் இனப்பெருக்கத்தைப் பெருநிலத்தில் வைத்துக்கொண்டு, மேய்ச்சலுக்கு மட்டும் தீவுக்கு அழைத்துவரலாம்.

ஏற்கெனவே காட்டுத்தனமாகத் திரியும் மந்தை என்றால் கருத்தடை ஊசி உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அசடீக் தீவின் மேரிலாந்துப் பகுதிக் குதிரைகளுக்கு 1994-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஊசித்துப்பாக்கியால் கருத்தடைத் தடுப்பூசி போட்டார்கள். பலன் உண்டு, ஆனால் பொறுமை வேண்டும்: ஈன்று பாலூட்டும் சுமை இல்லாத குதிரைகள் கூடுதல் ஆண்டுகள் வாழ்வதால் எண்ணிக்கை மெதுவாகத்தான் இறங்கும். அதே தீவின் வர்ஜீனியாப் பகுதியில் முறை வேறு. அங்குள்ள மந்தை பக்கத்து சின்கோடீக் தீவின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். வளர்ந்த குதிரைகள் 150-க்கு மேல் போகக்கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில், ஏற்றவற்றம் அடங்கி நீரோட்டம் நிற்கும் வேளை பார்த்துக் குதிரைகளை நீந்தவைத்துக் கடத்தி, குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். 1925-இலிருந்து நடக்கும் வழக்கம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும் திருவிழாவாக அது மாறியிருந்தாலும், உள்ளே இருப்பது கண்டிப்பான கணக்கு.

பறவைகள் முட்டையிடும் காலத்தில் கால்நடைகளை என்ன செய்வது?

கூடுகட்டும் பகுதியிலிருந்து வெளியே வைக்க வேண்டும், அவ்வளவுதான். தரையில் முட்டையிடும் ஆலா என்னும் கடற்பறவைக்கு முந்தைய பருவத்தில் மேய்ந்து குட்டையான புல் வேண்டும். ஆனால் முட்டை தரையில் கிடக்கும்போது குளம்பு வேண்டாம். மேய்ச்சலின் பலனும் மேய்ச்சலும் வெவ்வேறு மாதங்களில் நடக்கவேண்டும் என்று சொல்லலாம்.

வைக்கோலுக்காகப் புல் அறுக்கும் தீவுகளில் கார்ன்கிரேக் என்னும் பறவைக்காகப் பின்பற்றும் முறை எங்கும் கைகொடுக்கும். வயலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி அறுத்தால் குஞ்சுகள் நடுவில் மிஞ்சும் புல்லுக்குள் ஒடுங்கிக் கடைசியில் கத்திக்கு இரையாகும். நடுவிலிருந்து வெளிநோக்கி அறுத்தால் ஓடிப்போக வழி கிடைக்கும். செலவே இல்லாத மாற்றம் இது.

குடிநீர்?

தாழ்வான மணல், பவளத் தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் இருக்கும் என்பது பொது விதி. இதைத் திருப்பிப் பாருங்கள்: கிணற்றில் இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், அடியில் உப்புநீர் பல மீட்டர் மேலே ஏறிவரும். ஒரு மாடு நாளொன்றுக்கு 30 முதல் 60 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். இருபது மாடு என்றால் நாளுக்கு ஆயிரம் லிட்டர். கிணறு கரித்துவிட்டால் மாட்டுக்கும் இல்லை, பறவைக்கும் இல்லை, காவலருக்கும் இல்லை. கூரைநீரைச் சேமித்து வையுங்கள்; கிணற்றில் ஒரே மூச்சில் மோட்டார் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை எங்கே வைக்கிறீர்களோ அங்கே நிலம் கட்டாந்தரையாகும் என்பதையும் மறக்கவேண்டாம். மந்தையின் நடமாட்டத்தைத் தீர்மானிப்பது வேலியைவிடத் தொட்டிதான். தொட்டிக்குள் ஒரு சாய்வுப் பலகை போட்டுவைத்தால் தவறி விழும் குருவியும் ஓணானும் ஏறித் தப்பிக்கும்.

குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் நிலத்துக்குப் பாதிப்பா?

ஆம், இதைப் பெரும்பாலான பராமரிப்பாளர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். ஐவர்மெக்டின் வகை மருந்தின் எச்சம் சாணத்தில் வெளியேறும். அதில் முட்டையிடும் ஈயின் புழுவும் சாணவண்டின் புழுவும் சாகும். சாணம் நாள்கணக்கில் உடையாமல் கிடக்கும். சாணத்தைக் கிளறிப் பூச்சி தின்னும் செவ்வலகுக் காகம் போன்ற பறவைகளுக்கு, குறிப்பாக இளம்பறவைகளுக்கு, இரை குறையும். மாட்டுக்குக் கொடுத்த மருந்து பறவையின் வயிற்றில் பசியாகப் போய் நிற்கிறது.

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. புழுவால் வாடும் விலங்கை அப்படியே விடுவதும் தவறு. மந்தை முழுவதற்கும் நாள் குறித்துக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். சாணத்தைப் பரிசோதித்து, புழுமுட்டை கூடுதலாக உள்ளவற்றுக்கு மட்டும், கால்நடை மருத்துவரைக் கேட்டு, வண்டுகளுக்குத் தீங்கு குறைந்த மருந்தைக் கொடுங்கள். முடிந்தால் தீவுக்கு வரும் முன்பே பெருநிலத்தில் கொடுத்து, சில வாரம் கழித்து ஏற்றுங்கள். குறைவான எண்ணிக்கையும் இடம் மாற்றி மேய்ப்பதும் புழுத் தொல்லையைத் தாமாகவே குறைக்கும்.

பெருநிலத்திலிருந்து வைக்கோல் கொண்டுபோகலாமா?

கூடியவரை வேண்டாம். வைக்கோல் கட்டுக்குள் எலி ஒளிந்து வரும். ஒரு சினை எலி போதும், கடற்பறவைக் கூட்டம் ஒன்றைச் சிதைக்க. களை விதையும் அதோடு வரும். தவிர்க்கமுடியாத நிலையில் ஆலையில் அரைத்து அழுத்திய குச்சித்தீவனத்தை மூடிய பீப்பாயில் கொண்டுபோங்கள்.

விலங்கின் வயிறும் ஒரு விதைப்பைதான். சீமைக்கருவேலக் காயைத் தின்ற மாடு அந்த விதையை நன்றாகப் பதப்படுத்தி, உரமும் சேர்த்து வெளியே போடும். ஏற்றுவதற்கு முன் மூன்று நான்கு நாள்கள் சுத்தமான பட்டியில் அடைத்து, விதையில்லாத தீவனம் கொடுத்து வயிற்றைக் காலியாக்குங்கள். குளம்பு, ரோமம், உண்ணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் படகேற்றுங்கள்.

வேலி அவசியமா?

பெரும்பாலும் ஆம், ஆனால் கடலோர வேலிக்குச் சில குணங்கள் உண்டு. உப்புக்காற்று கம்பியைத் தின்னும். மின்வேலியில் உப்புப் படிந்தால் மின்சாரம் ஒழுகும். வேலியின் கடைக்கம்பம் அலை எல்லையில் முடிந்தால், வற்றத்தின்போது ஆடுகள் அதைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாக நடந்துபோகும். இரவில் தாழப் பறந்து வளை தேடும் கடற்பறவைகள் கம்பியில் மோதும். முள்கம்பியை மேல்வரியில் போடாதீர்கள். தரையை ஒட்டிய மின்கம்பி ஆமைகளைக் கொல்லும்.

கழுத்துப்பட்டை வழியாக ஒலி கொடுத்து, மீறினால் மெல்லிய அதிர்ச்சி கொடுத்து எல்லை காக்கும் மெய்நிகர் வேலி இப்போது வந்திருக்கிறது. கைபேசி அலை எட்டும் தீவில், பழக்கிய மந்தைக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

இயற்கையே வேலி போட்டிருக்கிறது என்று நம்பியிருப்பதும் ஆபத்து. தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவில் 1911 முதல் திமிங்கில வேட்டைக்காரர்கள் விட்ட கலைமான்கள் பனியாறுகளுக்கு இடைப்பட்ட இரண்டு பகுதிகளில் மட்டுமே அடைபட்டிருந்தன. பனியாறுகள் பின்வாங்கத் தொடங்கின. வேலி உருகிக்கொண்டிருந்தது. அவை தீவின் மற்ற பகுதிகளுக்குப் பரவும் முன்பே 2013, 2014 ஆண்டுகளில் அகற்றவேண்டி வந்தது.

எல்லாக் கால்நடைகளையும் அகற்றிவிட்டால் நிலம் தானே மீண்டுவிடாதா?

சில இடங்களில் மீளும். பல இடங்களில், மேய்ச்சல் இத்தனை நாள் எதை அடக்கிவைத்திருந்தது என்பது அகற்றிய பிறகுதான் தெரியவரும்.

நியூசிலாந்தின் மானா தீவு 217 ஹெக்டேர். 1986-இல் அங்கிருந்த கடைசி மாடுகளை அகற்றினார்கள். புல் ஓங்கி வளர்ந்து விதை கொட்டியது; தீவில் ஏற்கெனவே இருந்த சுண்டெலிகள் பேரெண்ணிக்கையில் பெருகின. அரிய அரணைகளும் பூச்சிகளும் அவற்றுக்கு இரையாயின. 1989-90-இல் சுண்டெலிகளை முற்றாக ஒழித்த பிறகே நிலைமை சீரானது. மாடு தவறில்லை, அகற்றியதும் தவறில்லை, வரிசை தவறு.

கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் உள்ள சான்டா குரூஸ் தீவின் கதை இன்னும் சிக்கலானது. 1980-களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செம்மறிகளும், அடுத்து மாடுகளும் அகற்றப்பட்டன. உள்ளூர்ச் செடிகள் எழுந்தன. கூடவே, அதுவரை மேய்ச்சலுக்குள் அடங்கிக் கிடந்த அயல்நாட்டுச் சோம்புச் செடி தீவின் பெரும்பரப்பில் காடுபோல மண்டியது. காட்டுப்பன்றிகள் அப்போதும் இருந்தன. பன்றிக்குட்டிகளைத் தின்னப் பொன்னிறக் கழுகுகள் வந்து குடியேறின. குட்டிகளோடு அவை தீவுக்கே உரிய சிறு நரிகளையும் அடித்தன. ஆயிரத்துக்கு மேல் இருந்த நரிகள் நூறுக்கும் கீழே போயின. கழுகுகளைப் பிடித்து இடம் மாற்றி, நரிகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 2005-2006-இல் 5,000-க்கும் மேற்பட்ட பன்றிகளை ஒழித்துத்தான் நரிகளை மீட்டார்கள்.

ஆகவே அகற்றும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: தீவில் உள்ள அயல் செடிகள் எவை, எலியும் சுண்டெலியும் உண்டா, மேய்ச்சல் நின்றால் இவற்றில் எது முதலில் எழும். அதற்கு ஆள் தயாராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பகுதி பகுதியாகக் குறையுங்கள்.

பெருகிப்போன ஆடுகளைச் சுட்டுக் கொல்வது கொடுமை அல்லவா?

கொடுமைதான். அதை அழகான சொற்களால் மூட நான் விரும்பவில்லை. காலாபகஸில் 1997-இல் தொடங்கி 2006-இல் முடிந்த திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் சுடப்பட்டன. கடைசிச் சில ஆடுகளைக் கண்டுபிடிக்க ஓர் ஆட்டின் கழுத்தில் வானொலிக் கருவி கட்டி விட்டார்கள். ஆடு தனியே இருக்காது. கூட்டத்தைத் தேடிப் போகும். பின்தொடர்ந்து வந்து அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சுடுவார்கள். அது மறுபடி துணை தேடிப் போகும். அதற்கு வைத்த பெயர் யூதாஸ் ஆடு. படிக்கவே கசக்கிறது. ஆனால் அந்த ஆடுகளால் நிழலும் இலையும் இழந்த பேராமைகளின் சாவு கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

சுடாமல் விட்டால் கருணை என்றும் சொல்லமுடியாது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹிர்டா தீவின் மக்கள் 1930-இல் வெளியேறினார்கள்; 1932-இல் பக்கத்துத் தீவிலிருந்து 107 சோயே செம்மறிகளை அங்கே விட்டார்கள். இன்றுவரை யாரும் தீவனம் போடுவதில்லை, குறைப்பதுமில்லை. சில பனிக்காலங்களில் மந்தையில் பாதிக்கு மேல் பட்டினியில் மடிகிறது. ஆய்வாளர்களுக்கு அது அரிய களம். ஆடுகளுக்கு அப்படி இல்லை. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தின் எச்சமாக இலங்கையின் நெடுந்தீவில் திரியும் குதிரைகளும் வறட்சி ஆண்டுகளில் தண்ணீரின்றித் தவிக்கின்றன. துப்பாக்கி, பட்டினி, கருத்தடை, படகு என்று நான்கே வழிகள். மந்தை சிறிதாக இருக்கும்போது மட்டுமே நான்காவது வழி திறந்திருக்கும்.

எங்கள் தீவில் உள்ளது அரிய இனம். அதை அகற்றினால் இனமே அழியாதா?

அழிய வேண்டியதில்லை, வெளியே காப்பாற்றலாம். நியூசிலாந்தின் என்டர்பி தீவில் காட்டுத்தனமாகத் திரிந்த மாடுகளை ஒழித்த பிறகு, எஞ்சிய ஒரே ஒரு பசுவை 1993-இல் பெருநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1998-இல் அதைப் படியாக்கம் (குளோனிங்) செய்து கன்று பிறக்கவைத்தார்கள். அவ்வளவு தூரம் போவதற்குள் விழித்துக்கொண்டு, ஒழிப்புக்கு முன்பே பத்துப் பதினைந்தைப் பிடித்து வெளியேற்றுவது மலிவு.

தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்ப்பவர்களின் உரிமை?

அதைப் பேசாமல் எந்தத் திட்டமும் நிற்காது. ராஜஸ்தானில் பரத்பூரின் கேவலாதேவ் பறவைக் காப்பகம் தீவு அல்ல, சதுப்புநிலம். ஆனாலும் பாடம் ஒன்றே. 1982-இல் அங்கே எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தவர்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு எருமை இல்லாத நீர்நிலையில் புல் அடர்ந்து மூடி, நீர்ப்பறவைகளுக்கு இடமில்லாமல் போயிற்று என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வே சொன்னது. மேய்ப்பவர் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

எந்த மாதம் எந்தச் சரிவில் புல் கசக்கும், எந்தக் கிணறு முதலில் வற்றும் என்பதை அறிந்தவர் அவர்தான். அவரைக் கூலிக்கோ பங்குக்கோ மேய்ச்சல் பொறுப்பாளராக வைத்துக்கொள்வது, வெளியேற்றிவிட்டு அறிவுறுத்தல் பலகை நடுவதைவிடப் பலமடங்கு நல்லது. எண்ணிக்கைக்கு எழுத்தில் உச்சவரம்பு இருக்கவேண்டும். அதை மீறினால் எவருடைய ஆடு முதலில் படகேறும் என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும்.

கால்நடையே இல்லாமல் மேய்ச்சலின் பலனைப் பெற முடியுமா?

அறுத்து அள்ளலாம், ஆனால் அரிவாள் சாணம் போடாது. மொரிஷியஸின் ரவுண்ட் தீவில் ஆடுகளும் முயல்களும் 1980-களுக்குள் ஒழிக்கப்பட்டன. அங்கே ஆதியில் மேய்ந்தவை பேராமைகள். அந்த இனங்கள் அழிந்துவிட்டன. ஆகவே 2007 முதல் செஷல்ஸின் அல்டாப்ராத் தீவைச் சேர்ந்த பேராமைகளைப் பதிலிகளாக விட்டு வளர்க்கிறார்கள். ஆமை மெதுவாகப் பெருகும், தப்பி ஓடாது, நான்குபேர் தூக்கிவிடலாம். அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

மேய்ச்சல் சரியாகப் போகிறதா என்று எப்படி அறிவது?

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் சில இடங்களை ஆடு புகாதபடி அடைத்துவிடுங்கள். உள்ளும் புறமும் ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் செடிகளை எண்ணுங்கள். குறித்த கம்பத்திலிருந்து, ஒரே திசையில், ஒரே உயரத்தில் படம் எடுங்கள். கால்நடைகளை மாதம் ஒருமுறை எண்ணி, கையால் தொட்டு முதுகெலும்பின் சதைப்பிடிப்பைப் பாருங்கள். விலங்கு மெலியும் முன்பே நிலம் மெலிந்திருக்கும். ஆகவே விலங்கு மெலிந்தது தெரிந்தால் ஏற்கெனவே தாமதம்.

செத்த விலங்கை அங்கேயே விடலாமா?

சட்டம் அனுமதித்தாலும், மருந்து கொடுத்த விலங்கையோ நோயில் இறந்ததையோ விடக்கூடாது. பறவைக் கூடுகளுக்கு அருகே கிடக்கும் பிணம் பெரிய கடற்காக்கைகளையும் எலிகளையும் அங்கே அழைத்துவரும்.

சில வாரங்கள் ஆளில்லாமல் விட்டுவிட்டு வரலாமா?

தண்ணீர்த் தொட்டியின் மிதவை அடைத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். வெயிலில் ஒரு மாடு தவித்துச் சாக மூன்று நாள். தினமும் பார்க்க ஆள் இல்லாத காலத்துக்கு முன்பே மந்தையைக் கரையேற்றிவிடுங்கள். படகோட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவருக்கும் மீன்பிடிக் காலம் உண்டு.